வேடம் கட்டிக் கடற்கரைக்குப் போவது எப்படி? ராமநாதபுரம் கரைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏழு மலை, ஏழு கடல் தாண்டி, அசுரனின் உயிர் ஒளிந்திருக்கும் கிளியைத் தேடிப் போகும் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கதைக்குள் ஒரு நாள் நடந்து பார்த்தால் என்ன என்று நான்கு நண்பர்கள் பேச ஆரம்பித்தால் போதும், அடுத்த வாரத்துக்குள் பதினைந்து பேர் சேர்ந்துவிடுவார்கள். ஒருவர் அரசன், ஒருவர் மந்திரவாதி, ஒருத்தி கடல்கன்னி, இரண்டு பேர் பூதம். பார்வையாளர்கள் கிடையாது, மேடை கிடையாது. வேடம் கட்டியவர்களே கதையை நடத்தி, அவர்களே முடித்துவைக்கிறார்கள்.

மேலை நாடுகளில் இது மலைக்காடுகளிலும் பழைய கோட்டைகளிலும் நடக்கிறது. இங்கிலாந்தின் பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் 1982இல் தொடங்கிய ‘ட்ரெஷர் ட்ராப்’ இவ்வகை விளையாட்டின் முன்னோடிகளில் ஒன்று. நம் மாவட்டத்தில் மலைக்கு வழியில்லை. ராமேஸ்வரத்துக் கந்தமாதன பர்வதம் பெயரளவில்தான் பர்வதம். ஏறிப் பார்த்தால் மணல்மேடு. கடலுக்கு மட்டும் பஞ்சமில்லை. ஆனால் மலைக்குளிருக்காகத் தைத்த கம்பளி அங்கியையும் தோல் கவசத்தையும் இணையத்தில் பார்த்து அப்படியே தைத்துக்கொண்டு வந்தால், இந்தக் கரை ஒரு மணி நேரத்தில் கழற்ற வைத்துவிடும். இங்கே கதையை நடத்துவது காற்று. இடம், மாதம், நேரம், உடை எல்லாவற்றையும் அதைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். பெரும்பாலான குழுக்கள் உடையில் ஆரம்பித்து இடத்தில் முடிக்கின்றன. கீழே உள்ள வரிசை அதற்கு நேர்மாறானது; காரணத்தோடுதான்.

முதல் படி: எந்தக் கடல் என்று முடிவுசெய்யுங்கள்

பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் வடக்கே உள்ள பாக் நீரிணையைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். பெண் கடல் பொதுவாக அமைதி, ஆண் கடல் அலை அடிப்பது. ஆனால் பருவம் மாறினால் குணமும் மாறும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகரை கலங்கிக் கிடக்கும், தென்கரை சாதுவாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து காற்று வீசும்போது தென்கரையில் நிற்க முடியாது, வடகரை குளம் போலக் கிடக்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதித் திட்டம் முடிந்தது.

முதல்முறை போகும் குழுவுக்கு நான் சொல்வது அரியமான். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே வடகரையில் இருக்கிறது. சவுக்குத் தோப்பு உண்டு. நிழலும் உண்டு, காற்றுக்குத் தடுப்பும் உண்டு. மணல் அகலமானது, கடல் ஆழம் குறைந்தது. விடுமுறை நாளில் குடும்பங்கள் கூடும் இடம் என்பதால் வார நாளில் போவது உத்தமம். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை இந்தக் கரைக்குப் பொருத்தமான காலம். வாடை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் முழு வீச்சில் இறங்கியிருக்காது.

ஜனவரியிலேயே போக வேண்டும் என்றால் தென்கரைக்குப் போங்கள். வாலிநோக்கமும் சாயல்குடிக்குக் கிழக்கே மாரியூரும் கூட்டம் குறைந்த இடங்கள். பனங்காடும் உப்பளமும் அருகருகே கிடக்கும் அந்த நிலப்பரப்புக்கு இணையான அரங்க அமைப்பைக் காசு கொடுத்தும் போட முடியாது. குறை ஒன்றுதான்: கழிப்பறையும் கடையும் தேடினால் கிடைக்காது, எல்லாவற்றையும் வண்டியில் கொண்டுபோக வேண்டும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் பெயர் தனுஷ்கோடி. புகைப்படத்துக்கு அதற்கு நிகரில்லை. ஆனால் வேட உலாவுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்று ஓயாது, நிழல் கிடையாது, சாலை முடியும் அரிச்சல்முனையிலிருந்து பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைவிட முக்கியமான காரணம் வேறு. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயலில் அந்த ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போனது. இடிந்த தேவாலயச் சுவர் முன்னால் பேய் வேடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களுக்குப் பக்கத்திலேயே, அந்த இரவில் உறவினரை இழந்த குடும்பங்கள் சங்கு மாலையும் தேநீரும் விற்றுக்கொண்டிருப்பார்கள். அங்கே போங்கள், சுற்றிப் பாருங்கள், வேடம் மட்டும் வேண்டாம். தவிர, தனுஷ்கோடிப் பகுதி 2025இல் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. பறவை வந்திருக்கும் மாதங்களில் பறையோடும் கொடியோடும் அந்தப் பக்கம் தலைகாட்டுவது முறையல்ல.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அவற்றைக் கதையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ‘அதோ, அரக்கன் தீவு’ என்று கரையிலிருந்து கையைக் காட்டினால் போதும். படகு ஏறியே ஆக வேண்டும் என்பவர்களுக்குத் தொண்டி பக்கத்தில் காரங்காடு அலையாத்திக் காட்டில் வனத்துறையின் படகுச் சவாரி இருக்கிறது. உயிர்காக்கும் சட்டை வேடத்துக்கு மேல்தான் போட வேண்டும், உள்ளே அல்ல. ராஜா ஆரஞ்சு நிறச் சட்டையில்தான் தெரிவார், பரவாயில்லை.

இரண்டாம் படி: நாள் பார்ப்பது

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம், பேச்சே இல்லை. ஏப்ரல், மே வெயிலில் முகமூடிக்குள் மனிதன் வெந்துவிடுவான். எஞ்சுவது ஜனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. அதிலும் தை அமாவாசையை ஒட்டிய நாட்களில் ராமேஸ்வரம் சாலை முழுவதும் பக்தர்கள் வண்டிதான். பிப்ரவரி, மார்ச்சில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா வரும். அந்த வாரம் கரையோரக் கண்காணிப்பு கூடுதலாக இருக்கும். இரண்டையும் நாட்காட்டியில் அடித்துவிட்டு மிச்சத்தில் தேர்ந்தெடுங்கள்.

நேரத்தை இரண்டு துண்டாக வெட்டுங்கள். காலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை ஒன்று, மாலை நான்கிலிருந்து இருட்டும் வரை இன்னொன்று. நடுவில் வேடத்தைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்க வேண்டும். ‘ஒரே மூச்சில் முடித்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால், அவர் பருத்திச் சட்டை போட்ட வேடம் எடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

மூன்றாம் படி: கேட்க வேண்டியவர்களைக் கேட்பது

இது எல்லைக் கடற்கரை. தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். கடற்படை, கடலோரக் காவல்படை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம், உள்ளூர்க் காவல் நிலையம் என்று நான்கு கண்கள் இந்தக் கரையைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. விடியற்காலையில் முகமூடியும் வாளுமாகப் பதினைந்து பேர் மணலில் நடந்தால் விசாரிக்கத்தான் செய்வார்கள். விசாரிக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

அந்த இடம் எந்தக் காவல் நிலையத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே ஒரு வாரம் முன்னதாக நேரில் போய்க் கடிதம் கொடுங்கள். எத்தனை பேர், எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, பொறுப்பாளரின் கைபேசி எண், வண்டி எண். இவற்றோடு, வேடத்தில் எடுத்த இரண்டு மூன்று படங்களையும் இணையுங்கள். படம் இல்லாத கடிதத்தைப் படித்துவிட்டு, ‘பூதம் என்றால் என்ன பூதம்?’ என்ற கேள்வியிலேயே அரை மணி நேரம் போய்விடும். முத்திரை வைத்த நகலைப் பொறுப்பாளர் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும், வண்டியில் அல்ல.

சில பொருட்களுக்குத் தடை போட்டுவிடுங்கள். காக்கி, ராணுவப் புள்ளி உடை எந்த வடிவத்திலும் வேண்டாம். படையினர் உடையைப் போலி செய்வது குற்றம். உண்மையான அரிவாள், கத்தி, சூலம் வேண்டாம். ட்ரோன் வேண்டவே வேண்டாம். உச்சிப்புளியில் ‘பருந்து’ கடற்படை விமானத் தளம் இருக்கிறது, அரியமான் அதற்குப் பக்கத்தில்தான். புகைக்குண்டும் சிவப்பு மத்தாப்பும் கூடாது. கடலில் ஆபத்தில் சிக்கியவர்கள் உதவி கேட்கக் காட்டும் அடையாளம் அது. யாரோ ஒருவர் படகை எடுத்துக்கொண்டு உங்களைக் காப்பாற்றப் புறப்பட்டுவிடுவார்.

காவல் நிலையம் முடிந்ததும் ஊருக்குள் போய்ப் பெரியவர்களைப் பாருங்கள். கரை சட்டப்படி யாருடையதாக இருந்தாலும், அதில் காலையில் வேலை பார்ப்பவர்கள் அவர்கள்தான். எந்த இடத்தில் கரைவலை இழுப்பார்கள், எங்கே கருவாடு காயவைப்பார்கள், எங்கே வலை உலர்த்துவார்கள் என்று கேட்டு, உங்கள் வழியை அதற்கு விலக்கிப் போடுங்கள். உலரும் வலையை மிதிப்பதும், ஏற்றிவைத்த வள்ளத்தில் ஏறி நின்று படம் எடுப்பதும் ஒரே நொடியில் ஊரைப் பகைத்துக்கொள்ளும் காரியங்கள். மண்டபம், பாம்பன் பக்கம் என்றால் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் முழு நனைந்த உடையில் கரையேறுவார்கள். கேமராவைத் திருப்பி வைப்பது மரியாதை.

நான்காம் படி: கதை

கதை இல்லாத வேடக்குழு அரை மணி நேரம் படம் எடுக்கும், பிறகு கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆகவே உடைக்கு முன் கதை.

பன்னிரண்டிலிருந்து பதினெட்டுப் பேர் என்பது நல்ல அளவு. திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம் ஊறிய மண் இது. பாத்திரம் பிரிக்கும் வழக்கத்தையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அரசனுக்கான ராஜபார்ட் ஒன்று, நாயகிக்கான ஸ்திரீபார்ட் ஒன்று, திருடனுக்கான கள்ளபார்ட் ஒன்று என்று மூன்று அணிகள். நான்காவதாக, மிக முக்கியமாக, ஒரு பபூன், அதாவது கோமாளி. பபூனுக்குக் கதை முழுவதும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. யாரோடும் பேசலாம், எந்த அணிக்குள்ளும் நுழையலாம், கதை சுணங்கினால் தூண்டலாம், நேரம் போனால் வெட்டலாம். குடிநீர் எங்கே இருக்கிறது, முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும். உங்கள் குழுவில் நன்றாக நடிப்பவரை இதற்குப் போடாதீர்கள். கல்யாண வீட்டில் பந்தியைக் கவனிக்கும் ஆள் ஒருவர் இருப்பார் அல்லவா, அவரைப் போடுங்கள்.

கதையில் தெய்வங்களைத் தொட வேண்டாம். ராமேஸ்வரத்துக்குப் போகும் சாலையில் பத்துத் தலையோடு ஒருவர் நின்றால் கூட்டம் கூடும். கூடுவது கைதட்டவா கல்லெறியவா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எந்தச் சமூகத்தின் உடையையும் கோமாளித்தனத்துக்கு எடுக்க வேண்டாம். உங்களுக்கென்று ஒரு நாட்டையும் ஒரு கடலையும் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

மாதிரிக்கு ஒன்று. உப்புநாட்டு அரசனின் வலம்புரிச் சங்கு களவு போய்விட்டது. அது இல்லாமல் மழை பெய்யாது. மூன்று அணிகளும் அதைத் தேடுகின்றன, மூவருக்கும் காரணம் வேறு. ஒன்றரை கிலோமீட்டர் கரையில் ஐந்து நிலைகள். முதல் நிலையில் ஒரு பனையடியில் ஓலைப்பெட்டி, அதற்குள் ஓலை நறுக்கு ஒன்று. அதில் ஒரு விடுகதை: ‘தண்ணீரில் பிறந்தவன், வெயிலில் வளர்ந்தவன், தண்ணீர் பட்டால் மறைபவன்.’ உப்பு என்று கண்டுபிடித்தவர்களுக்கு உப்புப்பொட்டலம் புதைத்த இடத்துக்கான அடையாளம் கிடைக்கும். இரண்டாம் நிலையில் பூதம் வழிமறிக்கும்; அதோடு சண்டை போடலாம், பாட்டுப் பாடி மயக்கலாம், பேரம் பேசலாம். எந்த வழியில் போனார்கள் என்பதைப் பொறுத்து மூன்றாம் நிலையில் மந்திரவாதி நண்பனாவான் அல்லது எதிரியாவான். அதோடு காலைப் பகுதியை முடித்துவிட வேண்டும், விடை தெரியாத ஒரு கேள்வியோடு. மாலையில் நான்காம் நிலை கடல்கன்னியின் வழக்கு. சங்கு தனக்குத்தான் சொந்தம் என்று அவள் வாதாடுவாள், எல்லோரும் மணலில் வட்டமாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். உண்மையில் ஆட்டத்தின் உச்சம் இதுதான். வாள் சண்டையைவிட இந்த வழக்கில்தான் கூச்ச சுபாவக்காரர்கள்கூட வாய் திறக்கிறார்கள். ஐந்தாம் நிலை புதையல். பெட்டிக்குள் காகித நாணயம் வைக்காதீர்கள். சாயல்குடிக் கருப்பட்டி வையுங்கள். வென்றவர்களும் தோற்றவர்களும் தின்பார்கள்.

பொருட்களைப் புதைத்த இடங்களைப் பபூன் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். கடற்கரையில் காலையில் வைத்த அடையாளம் மாலையில் அதே இடத்தில் இருக்காது.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். கம்பிவேலி போட்ட முட்டைக்குழியையோ, கடலிலிருந்து மேலேறும் அகலமான தடத்தையோ பார்த்தால் அந்தப் பகுதியை விட்டு விலகுங்கள். இருட்டியபின் பந்தமும் பெரிய விளக்கும் கரையில் வேண்டாம்.

ஐந்தாம் படி: உடை

இப்போதுதான் துணியைத் தொட வேண்டும். தொடுவதற்கு முன் ராமநாதபுரம் அரண்மனையில் உள்ள ராமலிங்க விலாசத்துக்கு ஒரு முறை போய்வாருங்கள். கிழவன் சேதுபதி காலத்தில் கட்டப்பட்டது. உள்ளே இருக்கும் சுவர் ஓவியங்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. முத்து விஜயரகுநாத சேதுபதியின் அவை, தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், ஐரோப்பியர் வருகை எல்லாம் அவற்றில் உண்டு. அரசன் என்றால் வெல்வெட் அங்கியும் வெள்ளைத் தாடியும் என்று நம் மனதில் பதிந்திருப்பதெல்லாம் எங்கிருந்தோ வந்தவை. இந்தச் சுவரில் இருப்பவர்கள் இந்த வெயிலில் வாழ்ந்தவர்கள். மேலுடம்பில் துணியைவிட அணிகலன் அதிகம், இடைக்குக் கீழே பூவேலை செய்த மெல்லிய துணி. அதைப் பார்த்துத் தைத்தால் புழுக்கமும் குறையும், வேடமும் சொந்தமாக இருக்கும்.

அடிப்படை விதி: உடம்பில் ஒட்டும் முதல் துணி பருத்தி. அதற்கு மேல் சாட்டின், ஜரிகை எது வேண்டுமானாலும் வரலாம். நாடக உடைகளை வாடகைக்கு விடும் கடைகள் மதுரையில் இருக்கின்றன. மகுடம், தோளணியான புஜகீர்த்தி, மார்புப் பதக்கம், ஒட்டுமுடியான டோப்பா எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் அவை மேடைக்குச் செய்தவை. மூன்று மணி நேரம் நின்று பாடுவதற்கு, ஒன்றரை கிலோமீட்டர் மணலில் நடப்பதற்கு அல்ல. வாடகைக்கு எடுப்பதற்கு முன் கடையிலேயே போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள்.

மேலங்கி என்பதுதான் கடற்கரையின் பெரிய வில்லன். கழுத்தில் முடிச்சிட்ட அங்கி காற்றில் உப்பியதும் தொண்டையை நெரிக்கும். ஆகவே கழுத்தை மறந்துவிடுங்கள். இரண்டு விரல் அகலத்தில் இரண்டு பட்டைகள் தைத்து, தோள்களின் மேலாகக் கொண்டுவந்து மார்பில் குறுக்காகக் கட்டி, அங்கியின் மேல் ஓரத்தை அந்தப் பட்டைகளின் தோள்பகுதியில் அழுத்துபொத்தானால் பொருத்துங்கள். பலமாக இழுத்தால் பொத்தான் விட்டுவிட வேண்டும், அதுதான் பாதுகாப்பு. கீழ் ஓரத்தை மடித்து, பாவாடை நாடா ஓடும் அளவுக்குக் குழாயாகத் தைத்து, ஒரு முனையைத் திறந்தே விடுங்கள். கரைக்குப் போனதும் காய்ந்த மணலை அந்தக் குழாயில் பிடிப்பிடியாகக் கொட்டி முனையை முடியுங்கள். கனம் கீழே இறங்கியதும் அங்கி காலோடு ஒட்டி விழும், திரும்பும்போது மட்டும் வீசி அடங்கும். கிளம்பும்போது மணலைக் கொட்டிவிட்டு வரலாம். அங்கியின் நீளம் முழங்காலுக்கு நான்கு விரல் கீழே நிற்கட்டும். அதற்குக் கீழே போனால் சீமைக் கருவேல முள் பிடித்துக்கொள்ளும். அது இல்லாத கரையை இந்த மாவட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதே முள்ளுக்காகவே காலணியும். வெறுங்காலோடு முனிவர் வேடம் போடுபவர்கள் தடித்த அடிப்பாகம் உள்ள பழுப்புச் செருப்பு ஒன்றைப் பட்டையால் கணுக்காலோடு கட்டிக்கொள்ளட்டும். கடலுக்குள் இறங்கும் காட்சி இருந்தால் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசிக்கொண்டே நடக்க வேண்டும். புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போகும். முழங்காலுக்கு மேல் யாரும் இறங்கக் கூடாது. கடல்கன்னிக்கு வால் தைத்தால் அது மணலில் உட்கார்வதற்கு மட்டும். வாலோடு நீரில் இறங்குவது கால்களைக் கட்டிக்கொண்டு இறங்குவதுதான்.

கவசமும் ஆயுதமும் ஈவிஏ ஃபோம் என்ற மெத்தென்ற தாளில் செய்யலாம். வாளுக்கு உள்ளே மெல்லிய பிவிசி குழாய், இருபுறமும் ஃபோம், குழாயின் முனைக்கு மேல் மூன்று விரல் அளவு ஃபோம் மட்டும். முனையை அழுத்தினால் குழாய் தட்டுப்பட்டால் அந்த வாள் ஆட்டத்துக்கு உதவாது. தலையிலும் கழுத்திலும் அடி கூடாது, குத்துவது கூடாது என்பதை எல்லோரும் உரக்கச் சொல்லட்டும். இந்தத் தாள்களை ஒட்டும் பசை சூட்டில் இளகும். கதவடைத்த வேனில் உச்சிவெயிலில் கவசத்தை வைத்தால் சாயங்காலம் பாகம் பாகமாகத்தான் கிடைக்கும். மதியம் அதை நிழலில் விரியுங்கள், வண்டியில் பூட்டாதீர்கள்.

கடல் சார்ந்த வேடம் என்றதும் கடைகளில் தொங்கும் சங்கையும் பவளத்தையும் வாங்கத் தோன்றும். பவளப்பாறை, கடல்குதிரை, சில சங்கு வகைகள் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. செத்துக் கரையொதுங்கியதை எடுப்பதும் வம்புதான். காகிதக்கூழில் செய்யுங்கள், சாயம் பூசுங்கள். பத்தடி தள்ளிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பிளாஸ்டிக் ஜிகினாத் தூளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மணலில் கொட்டியதைப் பொறுக்கப் பிறவி போதாது.

ஆறாம் படி: முகம்

முதலில் வெயில் தடுப்புக் களிம்பு, கால் மணி நேரம் கழித்து ஒப்பனை. நாடகக்காரர்கள் முத்துவெள்ளை என்ற வெண்பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போட்ட காலத்திலிருந்து இன்றைய கேக் ஒப்பனை வரை எல்லாவற்றுக்கும் ஒரே பகை வியர்வை. மெல்லிய பூச்சாகப் போட்டு, முகப்பவுடரை ஒற்றி அடக்கி, மறுபடி ஒரு மெல்லிய பூச்சு. கண்ணைச் சுற்றி ஒரு விரல் அகலம் வெறுமையாக விட்டுவிடுங்கள். உப்புக்காற்றில் கண் நீர்க்கும், நீர்த்தால் கை போகும், கை போனால் சாயமும் சேர்ந்து போகும். தாடி, மீசையை ஒட்ட ஸ்பிரிட் கம் என்ற பசை. எந்தப் பொருளானாலும் முந்தின இரவே முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். டோப்பாவுக்குள் பருத்தித் துணியால் தலையை இறுகக் கட்டினால் வியர்வை நெற்றிக்கு இறங்காது. முகமூடி போடுபவர்களுக்கு ஒரு துணையாள் வேண்டும், ஏனென்றால் பக்கவாட்டில் எதுவும் தெரியாது. அந்தத் துணையாளையும் கதைக்குள் சீடனாக்கிவிடலாம்.

ஏழாம் படி: தண்ணீரும் சோறும்

ராமநாதபுரம் கரையோரத்தில் குடிநீர் எளிதில் கிடைக்கும் பொருள் அல்ல. பல ஊர்களில் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அவர்களிடம் போய்ப் பதினைந்து பேருக்குத் தண்ணீர் கேட்காதீர்கள். தலைக்கு நான்கு லிட்டர் கணக்கில் கேனில் கொண்டுபோங்கள், கை கழுவத் தனியாக. உப்புப் போட்ட நீர்மோர் காலையில் இரண்டு சுற்று வரட்டும். முகமூடி போட்டவர்களுக்குத் தாகம் தெரியாது. பபூன்தான் நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

யாராவது பேச்சுக் குழறினால், தள்ளாடினால், உடம்பு கொதித்தால் ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். மூன்று முறை விசில் அடித்தால் எல்லோரும் உட்கார வேண்டும் என்று முதலிலேயே பழகியிருந்தால் குழப்பம் வராது. நிழலுக்குக் கொண்டுபோய், வேடத்தை வெட்டியாவது கழற்றி, உடம்பெல்லாம் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. இந்த மூன்று எண்களையும் எல்லோர் கையிலும் பேனாவால் எழுதிவிடுங்கள். சொறிமீன் பட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல் கடல்நீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

மதிய ஓய்வுக்கு மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ ஒரு சிறிய கல்யாண மண்டபத்தை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். விடுதி அறைகளைவிட இது மேல். உடை மாற்ற ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி அறை, கழிப்பறை, மின்விசிறி, படுக்க இடம். மீன் குழம்புச் சோறு வெளியிலிருந்து வரவழைக்கலாம், வேடம் கழற்றிய பின்.

எட்டாம் படி: அந்த நாள்

காலை நான்கரைக்குக் கல்யாண மண்டபத்தில் ஒப்பனை தொடங்கட்டும். ஆறு மணிக்குக் கரை. பபூனும் இன்னொருவரும் ஐந்தரைக்கே போய் நிலைகளைத் தயார்செய்திருக்க வேண்டும். கரையில் இறங்கியதும் ஐந்து நிமிடம் விதிகளைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு யாரும் சொந்தப் பெயரில் அழைக்கக் கூடாது. முதல் இருபது நிமிடம் எல்லோருக்கும் வெட்கமாக இருக்கும், சிரித்துக்கொண்டே இருப்பார்கள். விட்டுவிடுங்கள். பூதம் உண்மையாகவே உறுமும் கணத்தில் அது தானாகப் போய்விடும்.

ஊர்ச் சிறுவர்கள் பின்னால் வருவார்கள். விரட்டினால் இன்னும் பத்துப் பேர் வருவார்கள். அவர்களை உப்புநாட்டு ஒற்றர்களாக்கி ஆளுக்கு ஒரு செய்தி கொடுத்து ஓடவிடுங்கள். ஆனால் கடலோரம் ஓடவிடாதீர்கள். பெற்றோரைக் கேட்காமல் படமும் எடுக்காதீர்கள்.

போகும் வழியில் பாம்பன் சாலைப் பாலத்தில் வேனை நிறுத்தி வேடத்தோடு படம் எடுக்கலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். பக்கத்தில் 2025இல் திறந்த புதிய ரயில் தூக்குப்பாலம். ஆசை வரத்தான் செய்யும். குறுகிய பாலம், ஓயாத போக்குவரத்து, அங்கியைப் பிடித்து இழுக்கும் காற்று. வேண்டாம். கோயில் வீதி, தர்கா வாசல், பள்ளிக்கூடம் எதிலும் வேடத்தோடு இறங்காதீர்கள். டீக்கடையில் மட்டும் இறங்கலாம், முகமூடியைக் கழற்றிவிட்டு.

கடைசிப் படி: கழற்றுவதும் கழுவுவதும்

புதைத்தவை எல்லாம் தோண்டியாகிவிட்டதா என்று பபூனின் தாளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட்டு, எல்லோரும் வரிசையாக நின்று கரையை ஒரு முறை நடந்து குப்பை பொறுக்குங்கள். உங்கள் குப்பையைவிட அடுத்தவர் குப்பைதான் அதிகம் கிடைக்கும். அதையும் எடுங்கள், ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒட்டுத்தாடியைப் பிய்க்காமல் தேங்காய் எண்ணெயை ஓரத்தில் ஊறவைத்து உரியுங்கள். துணிகளை அன்றிரவே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். உப்பு ஊறிய ஜரிகை ஒரு வாரத்தில் கறுத்துவிடும், சம்கி நூல் இற்றுவிடும். மகுடத்தையும் பதக்கத்தையும் ஈரத்துணியால் துடைத்து, உலர்துணியால் ஒற்றி, ஒரு நாள் காற்றாடவிட்டுப் பிறகு பெட்டியில் வையுங்கள். வாடகை உடைகளைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்தால் அடுத்த முறை முன்பணம் இரட்டிப்பாகும். கழுவிக் கொடுத்தால் கடைக்காரர் உள்ளறையிலிருந்து நல்ல டோப்பாவை எடுத்துத் தருவார்.